முன் சீற்று

காரைப் பற்றி எனக்கு என்ன தெரியும். ஏறுவேன், இறங்குவேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து யாரோ ஒருவருடைய காரில் எனக்கு ஒரு இடம் இருந்தது. அது என்ன கார், ஏன் அந்தக் காரை வாங்கினார்கள் என்று நான் யோசித்ததில்லை. ஒரு கார்த்திகை மாதம் யோசிக்க வேண்டி வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது மார்க்கம் என்ற ஊருக்கும் வடக்கே. மரக்கறி வெட்டிப் பொதி செய்யும் இடம். உள்ளே எந்த நாளும் குளிர். கோடையிலும் ஜாக்கெட்டோடுதான் நிற்போம். விடியுமுன் வேலை தொடங்கிவிடும். அந்த நேரத்துக்கு அங்கே பஸ் இல்லை. அதனால் ரைட்டில் போவோம். ஸ்காபரோவில் ஃபக்டரிக்குப் போகிற பெண்களுக்கு ரைட் என்றால் தெரியும். வான் வைத்திருக்கிற ஒருவர், அவரும் அங்கேயே வேலை செய்கிறவர், வீடு வீடாக வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போவார். பெற்றோல் காசு கொடுப்போம். வாசலில் வந்து ஒருதரம் ஹோர்ன் அடிப்பார். இரண்டாம் தரம் அடிக்க மாட்டார்.

எங்கள் ரைட் அண்ணை அதிகம் கதைக்காத மனிதர். நானும் அப்படித்தான். வானில் ஏழு சீற்று. அவரும் நாங்கள் ஆறு பெண்களும். எனக்குக் கடைசி வரிசையில் நடு இடம். இரண்டு பக்கமும் தடித்த ஜாக்கெட்டுகள். யன்னல் தெரியாது. முன்னால் இருப்பவரின் தொப்பியைப் பார்த்துக்கொண்டே பல வருடம் போய் வந்தேன்.

ஒருநாள் வேலை முடிந்து வந்து என்னை இறக்கும்போது அண்ணை யன்னல் கண்ணாடியைக் கீழே பதித்தார்.

"இந்தக் கிழமையோட சரி, தங்கச்சி."

"என்ன அண்ணை?"

"கண். டொக்டர் வான் ஓடக் கூடாது எண்டிட்டார்."

"வான்?"

"உடைக்கக் குடுக்கப்போறன். கீழ எல்லாம் கறள் தின்னிட்டுது."

அவ்வளவுதான். போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றேன். வான் திருப்பத்தில் மறைந்த பிறகும் நின்றேன்.

அடுத்த கிழமை நாங்கள் ஆறு பேரும் இரண்டு ராக்சி பிடித்துப் போனோம். ஒருநாள் ஒன்று பிந்தியது. அடுத்த நாள் மற்றது பிந்தியது. மேற்பார்வையாளர் எங்களைக் கூப்பிட்டார். கிறிஸ்மஸுக்குப் பிறகு வேலை குறையும், ஆட்களையும் குறைப்போம், பிந்தி வருகிறவர்கள் முதலில் போவார்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயம் வந்தது.

எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது. அது என் கணவருடைய கார். அவருக்கு இரவில் செக்கியூரிட்டி வேலை. நான் புறப்பட்ட பிறகுதான் வந்து சேருவார். சாம்பல் நிற ஜப்பான் கார். ஏன் அதை வாங்கினீர்கள் என்று அப்போதுதான் முதல்தரம் கேட்டேன்.

"சனம் எல்லாம் உந்தக் காரைத்தானே வைச்சிருக்குது" என்றார். "பிழையெண்டால் எல்லாருக்கும் பிழைக்கட்டுமன்."

அது உண்மை. கோயில் பார்க்கிங்கில் ஒரே சாம்பல் கார் வரிசையாக நிற்கும். ஒருமுறை வேறொருவரின் கதவில் திறப்பைப் போட்டுத் திருகிக்கொண்டு நின்றிருக்கிறார். உள்ளே இருந்த மனிதர் கண்ணாடியைப் பதித்து, "அண்ணை, என்ர மனுசியையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாராம். அதை அவரே வந்து சொல்லிச் சிரித்தார்.

எனக்கு லைசென்ஸ் இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் எடுத்தது. ஆனால் ஓடுவதில்லை. ஓடினால் அவர் பக்கத்தில் இருப்பார். "பிரேக்! பிரேக்!" என்பார். தன் பக்கத்துக் கால்மிதியை மிதிப்பார். அந்தப் பக்கத்தில் பிரேக் இல்லை. ஆனாலும் மிதிப்பார். "சிவப்பு வருது." "பச்சை வந்திட்டுது, என்ன பாத்துக்கொண்டிருக்கிறீர்?" "இடப்பக்கம் இப்ப திரும்பாதையும்." "இப்ப திரும்பும், திரும்பும்!" பிறகு ஒருநாள் திறப்பை மேசையில் வைத்தேன். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அவரும் எடு என்று சொல்லவில்லை.

இப்போது எடுக்க வேண்டும்.

"எனக்கு ஒரு கார் வேணும்" என்றேன். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையை வைத்தார்.

"உமக்கோ?"

"ஓம்."

"ஆர் ஓடுறது?"

"நான்."

எழுந்துபோய் நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "மார்கழி பிறந்தால் வாங்கேலாது. பேந்து தை பிறக்கவேணும்." மாதம் முடிய அதிக நாள் இல்லை. தை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை இருக்காது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலையில் நின்றால் கால் தன்பாட்டில் ஆடும். வீட்டில் சமைத்துவிட்டு உடனே வெளியே போவேன். வோபர்னில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு பிளாசா இருக்கிறது. மரக்கறிக் கடை, புடவைக் கடை, நகைக்கடை. முன்னால் பெரிய பார்க்கிங். அங்கே நடப்பேன். ஒவ்வொரு காராகப் பார்ப்பேன். கண்ணாடிக்கு மேல் கையை வைத்து உள்ளே எட்டிப் பார்ப்பேன். சீற்று எவ்வளவு உயரம், முன்பக்கம் எங்கே முடிகிறது, பின்னால் எவ்வளவு தெரியும். மூக்கு முட்டி, மூச்சுப் பட்டுக் கண்ணாடி புகார் பிடித்து மங்கும்.

மரக்கறிப் பையோடு வந்த ஒருவர் என் பின்னால் நின்றார்.

"அன்ரி, என்னத்தையும் துலைச்சிட்டியளோ?"

"இல்லைத் தம்பி. கார் பாக்கிறன்."

"அது என்ர கார்."

"தெரியும். ஏன் இதை எடுத்தனீர்?"

அவர் சிரித்தார். ஆனால் யோசித்துச் சொன்னார். "டிக்கிக்குள்ள பேபி ஸ்ரோலர் மடிக்காமல் போகும், அன்ரி. வேற ஒண்டும் இல்லை." திறந்தும் காட்டினார். உண்மைதான். அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு எல்லோரையும் கேட்கத் தொடங்கினேன். நான் வாய் திறந்து கேட்கிறேன் என்றே சிலர் அதிசயப்பட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு பிக்கப் ரக் இருக்கிறது. பின்பெட்டியில் அவர் ஒரு நாளும் ஒரு சாமானும் ஏற்றியதில்லை. பனிதான் ஏறியிருக்கும். அதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்றேன். முதலில் பலகை, வீட்டு வேலை என்று ஏதோ சொன்னார். நான் போகாமல் நின்றேன். பிறகு சொன்னார்: "உயர இருக்கிறன் பாருங்கோ. கார் ஓடின காலத்தில வாறவன் போறவனெல்லாம் ஹோர்ன் அடிப்பான். இதில ஒருத்தனும் அடிக்கிறேல்லை."

வேலையில் என்னோடு வெள்ளரிக்காய் வெட்டுகிறவள் நீலக் கார் வைத்திருக்கிறாள். அவள் வேறு பக்கம், எங்கள் ரைட் இல்லை. ஏன் நீலம் என்றால், வேலை முடிந்து வரும்போது குளிரில் நின்று தேடக்கூடாது, எல்லாம் சாம்பலும் கறுப்பும் வெள்ளையுமாக நிற்கும் என்றாள். எனக்கு அது பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கத்தில் என் கணவருடைய தம்பி வீட்டுக்குப் போனோம். இரண்டு கராஜ். ஒன்றுக்குள் கறுப்பு ஜெர்மன் கார். துணி போட்டு மூடியிருந்தது. பனிக்காலத்தில் வெளியே எடுக்க மாட்டார்கள். வேலைக்குப் போவது வாசலில் நின்ற பழைய காரில்.

"சேஃப்ரி அண்ணி, சேஃப்ரி" என்றார் தம்பி. "ஜெர்மன்காரன் இரும்பில செய்யிறான்."

தம்பியின் மனைவி குசினியில் என் காதுக்குள் சொன்னாள். "அவற்ற சகலன் வெள்ளையில எடுத்தவர். இவர் அதுக்குத்தான் கறுப்பில எடுத்தவர். கலியாண ஹோலில இரண்டும் பக்கத்தில பக்கத்தில நிக்கும். இரண்டு பேரும் கதைக்கமாட்டினம். கார் ரண்டும் கதைச்சுக்கொண்டு நிக்கும்."

சாப்பிடும்போது என் காரைப் பற்றிக் கதை வந்தது. நான் இருக்கிறேன் என்பதை விட்டுவிட்டு அண்ணனும் தம்பியும் கதைத்தார்கள்.

"வான் எடுங்கோ அண்ணை. எயாப்போட்டுக்குப் போக வர, சனம் வந்தால் ஏத்த."

"நானும் அதைத்தான் சொல்லுறன்."

"சின்னக் கார் எடுத்தால் பேந்து ஒருத்தரையும் ஏத்தேலாது."

எனக்குச் சின்னக் கார்தான் வேண்டும் என்று அந்த மேசையில் முடிவு வந்தது. ஒருவரையும் ஏற்ற முடியாது என்பது எனக்குக் குறையாகப் படவில்லை.

பார்த்தும் வைத்துவிட்டேன். மோர்னிங்சைட் பக்கம் பழைய கார் விற்கும் ஒரு இடம். எங்கள் ஆள் ஒரு தம்பிதான் நடத்துகிறார். அங்கே ஒரு சின்னச் சிவப்புக் கார் நின்றது. ஏறி இருந்தேன். நாலு மூலையும் தெரிந்தது. கையை நீட்டினால் மற்றக் கதவைத் தொடலாம். எனக்குச் செய்தது மாதிரி இருந்தது. சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.

மகள் நகரத்துக்குள் இருக்கிறாள். அவளிடம் கார் இல்லை, வேண்டாம் என்கிறாள். போனில் சொன்னேன். "அம்மா, ஜஸ்ற் கெற் இற்" என்றாள். "அப்பாட்ட கேக்காதேங்கோ. இற்ஸ் யுவர் கார்." கேட்க நன்றாக இருந்தது. வைத்துவிட்டு அறைக்குள் இரண்டு தரம் நடந்தேன்.

ஆனால் போன் நிற்கவில்லை. நான் கார் எடுக்கிறேன் என்ற கதை ரைட் பெண்களிடம் போய்விட்டது. முதலில் எடுத்தவர் மோர்னிங்சைட்டில் இருக்கும் வயதான அக்கா. எங்கள் ஆறு பேரில் மூத்தவர்.

"பிள்ளை, வானே எடுக்கிறீர்?"

"இல்லை அக்கா. கார். சின்னது."

வாய்க்குள் ஏதோ எண்ணினார். பிறகு, "சின்னதெண்டால் எத்தினை பேர்?"

"என்னோட அஞ்சு."

"அப்ப ஒராள் மிச்சம்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அது நான்தான். வயசு போட்டுது. நான் வேலையால நிண்டுடுறன். மகன்ர காரில போகலாம் எண்டால் அவன் ரண்டு கதவுக் கார் வைச்சிருக்கிறான். பின் சீற்றுக்குப் பூனைதான் ஏறும். என்னை ஏத்தக்கூடாதெண்டே வாங்கினவன்." சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

அடுத்து தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண். படிக்க வந்து, படிப்பு முடித்து, எங்களோடு பெட்டி அடுக்குகிறாள். "அக்கா, என்னை மட்டும் விட்டுட்டுப் போயிடாதீங்க. எனக்கு இந்த வேலை போச்சுன்னா விசா பேப்பர் பிரச்சினை ஆயிடும்" என்றாள். மற்ற மூன்று பேரும் போன் எடுத்தார்கள். ஒருத்தரும் வான் எடு என்று நேரே சொல்லவில்லை. எத்தனை சீற்று என்று மட்டும் கேட்டார்கள்.

ஆறு பேர். ஐந்து சீற்று. வெங்காயம் வெட்டும்போதும் அதுதான். வீட்டுக் கதிரைகளைப் பார்த்தாலும் அதுதான். யாரை விடுவது. நான் ஏன் ஒருத்தரை விட வேண்டும், என் காரில் நான் மட்டும் போனால் என்ன என்றும் நினைத்தேன். அதையும் நினைத்தேன் என்று எழுதத்தான் வேண்டும்.

சனிக்கிழமை நானும் என் கணவரும் அந்தக் கார் விற்கும் தம்பியின் இடத்துக்குப் போனோம். சிவப்புக் காரைக் கழுவி முன்னால் விட்டிருந்தார். நான் அதைச் சுற்றி வந்தேன். இவர் பின்வரிசையில் நின்ற வெள்ளி நிற வானைச் சுற்றி வந்தார். ஏழு சீற்று. இரண்டு பக்கமும் இழுக்கிற கதவு.

"தம்பி, உந்த வானை ஒருக்கா ஓடிப் பாக்கலாமோ?"

"தாராளமா அங்கிள். ஒரு மணித்தியாலம் வைச்சு ஓடுங்கோ." டீலருக்குரிய நம்பர் தட்டைப் பின்னால் கொழுவித் திறப்பைக் கொடுத்தார்.

"எனக்கு சிவப்புத்தான்" என்றேன்.

"ஓடிப் பாக்கிறதுக்கு என்ன? ஏறும்."

ஏறினேன். அவர் ஓடினார். வானைப் பற்றியே கதைத்தார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுப் பக்கம் போகவில்லை. வேறு றோட்டால் திரும்பினார். நான் கேட்கவில்லை. கோயில் கோபுரம் தெரிந்தபோதுதான் கேட்டேன்.

"இஞ்ச என்னத்துக்கு?"

"சும்மா கும்பிட்டிட்டுப் போவம்."

சும்மா இல்லை. பார்க்கிங்கில் கார்கள் வரிசையாக நின்றன. மார்கழி பிறக்குமுன் புதுக் காருக்குப் பூசை செய்ய வந்த சனம். சிலதில் மாலை போட்டிருந்தார்கள். ஐயர் வேட்டிக்கு மேலே பெரிய குளிர் ஜாக்கெட், காலில் பனிச் சப்பாத்து. அவர் ஒவ்வொரு காராக வந்துகொண்டிருந்தார். பனியில் தேங்காய்த் துண்டும் குங்குமமும் கிடந்தன.

இவர் போய் அந்த வரிசையின் கடைசியில் வானை விட்டார்.

"என்ன செய்யிறியள்?"

"நல்ல நேரம் முடியப்போகுது. இண்டைக்கு விட்டால் பேந்து தை."

"இது எங்கட வான் இல்லை."

"எடுக்கத்தானே போறம்."

"நான் சிவப்பு எண்டு சொன்னனான்."

அவர் இறங்கிப் போய்விட்டார். அர்ச்சனைத் தட்டோடு வந்தார். நான் உள்ளேயே இருந்தேன். இறங்கி நடந்து போய்விடலாமா என்று நினைத்தேன். வெளியே காற்று வெட்டியது. பின்னால் இன்னும் இரண்டு கார் வந்து நின்றுவிட்டது. இனி வரிசையிலிருந்து வெளியே வரவும் இடமில்லை.

ஐயர் எங்களிடம் வந்தார். விறைத்த கையை உரசிக்கொண்டார்.

"ஆற்ற பேரில வாகனம்?"

"வீட்டுக்காரிக்கு ஐயா. அவா வேலைக்குப் போக."

"அப்ப அவா ஏறி இருக்கட்டும். எலுமிச்சம்பழத்துக்கு மேல அவாதான் எடுக்கவேணும்."

இவர் அதை நினைக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் இறங்கிச் சுற்றி வந்து ஸ்ரியரிங்குக்குப் பின்னால் இருந்தேன். சீற்றை முன்னுக்கு இழுத்தேன். உயரமாக இருந்தது. ஐயர் முன்பக்கத்தில் சந்தனம் பூசினார், குங்குமம் வைத்தார், கண்ணாடியில் விபூதிக் குறி போட்டார். பின்னால் போய் நம்பர் தட்டுக்கும் ஒரு பொட்டு வைத்தார். தேங்காய் உடைத்தார். நாலு ரயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்.

இவர் முன்கதவைத் திறக்கப் போனார். ஐயர் தன் சாமான் கூடையைத் தூக்கி முன் சீற்றில் வைத்துவிட்டார். "கொஞ்சம் இருக்கட்டும், நனையுது" என்றார். இவர் தட்டோடு நின்றார். பிறகு இழுக்கிற கதவைத் திறந்து கடைசி வரிசைக்கே போனார். "கால் நீட்டலாமோ எண்டு பாப்பம்" என்றார். என் பழைய இடத்தில், நடுவில் இருந்தார். தேங்காய்ப் பாதிகளையும் தட்டையும் மடியில் பிடித்துக்கொண்டார்.

பூசை முடிந்தது. ஐயர் கூடையை எடுத்தார். "மெதுவா எடுங்கோ அம்மா."

எடுத்தேன். ரயருக்குக் கீழே பழம் நசிந்தது தெரிந்தது. நிறுத்தி, இவரை ஓடச் சொல்லி மாறி இருக்கலாம் என்று பார்த்தேன். பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்தார். அடுத்த கார் என் இடத்துக்கு வரவேண்டும். பார்க்கிங் வாசலில் ஒரு தொண்டர் கையைக் காட்டி என்னை வெளியே போ, வெளியே போ என்றார். போனேன். றோட்டில் ஏறிவிட்டேன்.

"நிப்பாட்டும்!" என்றார் பின்னாலிருந்து. நிற்பாட்ட இடமில்லை.

ஹீற்றர் முழுவதும் போட்டிருந்தது. அது இரைந்தது. பின்னால் அவர் ஏதோ சொன்னார். "என்ன?" என்றேன். திரும்பச் சொன்னார். கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். தூரத்தில் சின்னதாக இருந்தார். வாய் திறந்து மூடியது. காலால் எதையோ மிதித்தார். அங்கே மிதிக்கவும் ஒன்றும் இல்லை. ஒரு தேங்காய்ப் பாதி உருண்டு போனது, அதைக் குனிந்து பிடித்தார்.

நான் முன்னால் பார்த்தேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை. சீற்று வெறுமையாக இருந்தது. ஐயரின் கூடை வைத்த இடத்தில் ஒரு பூவிதழ் கிடந்தது.

சிவப்பு வந்தது. நின்றேன். பச்சை வந்தது. போனேன். இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்தது. எனக்கு எப்போதும் பயமான இடம். எதிரே வந்த கார்களை விட்டேன், இடைவெளி வந்தது, திரும்பினேன். உயரத்தில் இருந்ததால் எல்லாம் தெரிந்தது. வானின் பின்பக்கம் எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியாது. அது வந்துகொண்டிருந்தது, அது போதும்.

அந்தத் தம்பியின் இடத்துக்கு நேரே போக முதலாவது திருப்பத்தில் திரும்பியிருக்க வேண்டும். நான் அதை விட்டு அடுத்ததில் திரும்பினேன். கொஞ்சம் சுற்று. பின்னால் கை அசைந்தது. பார்க்காததுபோல இருந்தேன்.

தம்பி வெளியே வந்தார். வானின் முன்பக்கத்தைப் பார்த்தார். ரயரைப் பார்த்தார். பின்னால் போனார்.

"அங்கிள்! இது ரெஸ்ற் டிரைவுக்குத் தந்த வானெல்லோ!"

இவர் தட்டோடு இறங்கினார். "நல்ல நேரம் போகப் பாத்துது, தம்பி."

"என்ர டீலர் பிளேற்றுக்குமோ பொட்டு வைச்சிருக்கிறியள்? இதை நான் எல்லாக் காருக்கும் கொழுவிறனான்."

"நல்லதுதானே."

"அப்ப இஞ்ச நிக்கிற எல்லாத்துக்கும் பூசை முடிஞ்சுது. இனி வாறவைக்குச் சொல்லி விக்கலாம்." பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார். "அன்ரி, நீங்கள் சிவப்பெல்லோ கேட்டனீங்கள்? இதைத் துடைச்சு எடுக்கலாம். பிரச்சினையில்லை."

"துடைக்கிறதோ!" என்றார் இவர். "சாமிக்கு முன்னால நிண்ட வாகனம். திருப்பிக் குடுக்கேலாது." பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "நீர் கோவிக்காதையும். இது உம்மட நன்மைக்குத்தான்."

நான் சண்டை பிடிப்பேன் என்று இருவரும் நின்றார்கள். சிவப்புக் கார் முன்னால் நின்றது. நன்றாகக் கழுவியிருந்தது. அதைப் பார்த்தேன். கையை நீட்டினால் மற்றக் கதவைத் தொடலாம். அதுதான் அதில் எனக்குப் பிடித்தது. இப்போது அதையே நினைத்தேன். பக்கத்துச் சீற்று அவ்வளவு கிட்ட.

"வானை எழுதுங்கோ தம்பி" என்றேன்.

இவர் என்னை விட்டு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

திங்கட்கிழமை இருட்டோடு புறப்பட்டேன். ஒவ்வொரு வாசலிலும் ஒருதரம் ஹோர்ன் அடித்தேன். மூத்த அக்கா முதலில் ஏறினார். முன்கதவைத் திறக்கப் போனார்.

"பின்னுக்கு அக்கா."

"ஏன் பிள்ளை, முன்னுக்கு இடம் கிடக்குது."

"அது சாப்பாட்டுப் பைக்கு."

அவர் தன் பையை அங்கே வைத்துவிட்டுப் பின்னால் போனார். மற்றவர்களும் அப்படியே வைத்தார்கள். இரண்டு பேர் நடு வரிசையில், மூன்று பேர் கடைசியில். சரியாக இருந்தது. தமிழ்நாட்டுப் பெண் கடைசி வரிசையில் நடுவில் மாட்டிக்கொண்டாள். "அக்கா, ஒண்ணும் தெரியலை இங்க" என்றாள். எனக்கு அது தெரியும். அடுத்த நாளிலிருந்து இடத்தை மாற்றி மாற்றி இருக்கச் சொன்னேன். முன் சீற்று மட்டும் மாறவில்லை.

மூத்த அக்கா ஒருநாள் இறங்கும்போது என் தோளைத் தொட்டார். "எங்களுக்காக எடுத்தனீர். தெரியும்" என்றார். கண் கலங்கியிருந்தது. சாமிதான் எடுப்பித்தது என்று இவர் தம்பி வீட்டில் சொல்லியிருக்கிறார். தம்பி, தான் சொன்ன யோசனை என்கிறார். எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. நான் ஒருத்தருக்கும் குறுக்கே பேசவில்லை.

வேலை போகவில்லை. பனி வந்தது, போனது. ஆனால் அந்தக் கார்த்திகையில் பிடித்த நிலைகொள்ளாமை என்னை விடவில்லை. கொஞ்சம் முந்தி எழும்பிவிடுகிறேன். அக்கா வீட்டுக்குப் போகுமுன் ஒரு சுற்றுச் சுற்றுகிறேன். எங்கே என்று இல்லை. இடப்பக்கம் திரும்பும் இடங்களாகப் பார்த்துப் போகிறேன். ஹீற்றரை முழுவதும் போடுகிறேன்.

போன ஞாயிறு ஒரு கலியாணத்துக்குப் போனோம். அவரும் நானும் மட்டும். முன்கதவைத் திறந்தார். சீற்றில் என் சாப்பாட்டுப் பை இருந்தது. வெறும் பை.

"உந்தப் பையை எடுத்துப் பின்னுக்குப் போடுமன்."

"இருக்கட்டும். இழுக்கிற கதவால ஏறுங்கோ. வேட்டி ஊத்தையாகாது."

கொஞ்சம் நின்றார். பிறகு கதவை இழுத்து நடு வரிசையில் ஏறினார். பெல்ற் போட்டார். நான் வானை எடுத்தேன்.

வழியில் ஏதோ கேட்டார். ஹீற்றரைக் குறைத்தேன்.

"சாமிக்காகத்தானே இதை எடுத்தனீர்?"

"ஓம்" என்றேன்.

ஹீற்றரைத் திரும்பக் கூட்டினேன்.